கைக்கணினியா, மடிக்கணினியா?

மே திங்கள் வந்துவிட்டால் நம் பங்கு இல்லத்து வாசலில் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகி, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற பேச்சும் ஒருவாறு ஓய்ந்தபின், ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைகின்ற வேளையில், பெற்றோர் ஒருவர் சற்றே தயங்கி நின்று, "சாமி, பிள்ளைக்கு டேப் வாங்கறதா, லேப்டாப் வாங்கறதா?" என்று கேட்பார். முன்னாளில் மிதிவண்டி வாங்குவதைப் பற்றியும், தையல் இயந்திரம் வாங்குவதைப் பற்றியும் குருவானவரைக் கேட்ட மக்கள்தாம் இன்று இதனைக் கேட்கின்றனர். கேட்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் மிச்சம் பிடித்த பணமன்று. அடகு வைத்த நகையின் பணம் அல்லது மகளிர் சுய உதவிக் குழுவில் பெற்ற கடன். ஆதலின் விடை பிழையாகப் போனால் அதன் வட்டியைக் கட்டுபவர் அவரே.

இதனை நாம் பட்டறிந்தே எழுதுகிறோம். 2024ஆம் ஆண்டு சூன் திங்களில், கம்மாபுரத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாய் வந்தார். கணவரை இழந்தவர், முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை செய்து இரு பிள்ளைகளைக் காப்பவர். மூத்தவள் வணிகவியல் பட்ட வகுப்பில், பி.காம்.மில், சேர்ந்திருந்தாள். தம் தோட்டை அடகு வைத்துப் பெற்ற 15,000 ரூபாயை முந்தானையில் முடிந்திருந்தார். நாம் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம் மேசை மீது ஒரு கைக்கணினி இருந்தது. அதில்தான் நாம் திருப்புகழ்மாலை செபிப்பதும், மறையுரைக்கு வேண்டிய நூல்களைப் படிப்பதும் வழக்கம். இலேசானது, மின்சாரம் போனாலும் நாள் முழுதும் உழைப்பது, நமக்கு மிகவும் பிடித்தது. "அம்மா, டேப்பே வாங்கிக்கொடுங்கள், இந்தப் பணத்துக்குள் முடியும்" என்று சொல்லி அனுப்பினோம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி" என்று சொல்லிக் கும்பிட்டுப் போனார். விருத்தாசலத்துக் கடையொன்றில் 13,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார்கள்.

அதன்பின் நடந்ததைப் பிறகு சொல்வோம். முதலில், இக்கேள்வி நம் பங்கு மக்களுக்கு மட்டும் உரியதன்று, அரசாங்கங்களே இதில் தடுமாறியிருக்கின்றன என்பதைச் சொல்லவேண்டும்.

2011ஆம் ஆண்டில் மூன்றே வார இடைவெளியில் இரு அரசுகள் இக்கேள்விக்கு இரு வேறு விடைகளைக் கூறின. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் பிறந்த நாளன்று, அப்போதைய முதல்வர் செயலலிதா, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயில்வோருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். அக்டோபர் 5ஆம் நாள் புது தில்லியில் நடுவண் அமைச்சர் கபில் சிபல், 'ஆகாஷ்' என்ற கைக்கணினியை வெளியிட்டார். உலகிலேயே மிக மலிவான கைக்கணினி என்று அது பாராட்டப்பட்டது. அரசு அதனை வாங்கிய விலை 2,276 ரூபாய். மாணவருக்கு அதிலும் பாதி போல்தான் ஆகும் என்றார்கள். ஒரு மடிக்கணினியின் விலையில் ஐந்தாறு ஆகாஷ் வாங்கலாமே, தமிழகம் ஏன் இப்படிச் செலவிடுகிறது என்று அந்நாளில் நாமும் எண்ணியதுண்டு.

ஆயின் அந்த மலிவுக்கு ஒரு காரணம் இருந்தது. ஏழு அங்குலத் திரை. அதுவும் விரல் பட்டவுடன் இயங்காமல், அழுத்தினால் மட்டுமே இயங்கும் வகை. நினைவகம் வெறும் 256 எம்.பி.; செயலி மிக மெதுவானது; மின்கலம் மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்காது. மறு ஆண்டு நவம்பரில் இவற்றையெல்லாம் சீர்செய்து 'ஆகாஷ் 2' வந்தது. எனினும் நாடெங்குமுள்ள மாணவர் கைகளில் அது சென்று சேரும் என்ற கனவு நனவாகாமலே அத்திட்டம் மறைந்துபோயிற்று. தமிழகத்தின் மடிக்கணினியோ, மூடியின்மேல் முதல்வரின் படத்தோடு, ஏறத்தாழ 50 லட்சம் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றது. சிலர் விற்றுவிட்டனர்; சிலர் திரைப்படம் பார்ப்பதற்கே பயன்படுத்தினர்; இவற்றை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் அந்தக் கணினியில்தான் முதன்முதலாகத் தட்டச்சு பழகினேன், அதனால்தான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொல்லும் இளைஞர்களை நெய்வேலியிலும் கடலூரிலும் இன்றும் காண்கிறோம்.

அண்மைக் காலத்திலும் இக்கதை தொடர்ந்தது. 2025 மார்ச் 14ஆம் நாள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ அவர்தம் விருப்பப்படி வழங்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 'விருப்பப்படி' என்ற சொல்லைக் கவனியுங்கள். அரசும் அப்போது இரு மனத்தோடுதான் இருந்தது. ஆனால் எல்காட் நிறுவனம் விலைப்புள்ளி கோரியபோது அது மடிக்கணினிக்கே கோரியது. 2026 சனவரியில் அரசுக் கல்லூரி மாணவருக்கு வழங்கத் தொடங்கியதும் மடிக்கணினியே. அதே அரசுதான் 2024இல் அரசுத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கைக்கணினிகளை வழங்கியது. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் நின்றுகொண்டே குழந்தையின் வருகையையும் கற்றல் நிலையையும் பதிகிறார். ஒரு படத்தைக் காட்டுகிறார். கையில் ஏந்தி நடக்கத்தக்க கருவி அவருக்குப் போதும். கல்லூரி மாணவனோ உட்கார்ந்து எழுதவேண்டியவன். வேலை வேறு, கருவி வேறு.

இங்கேதான் நாம் அந்தத் தாய்க்குச் செய்த பிழை விளங்குகிறது. குருவானவரின் கைக்கணினி வாசிப்பதற்கு உரியது. வணிகவியல் மாணவியின் கருவி ஆக்குவதற்கு உரியதாய் இருக்கவேண்டும். நாம் நம் தேவையை அவள்மீது ஏற்றிவிட்டோம்.

முதற்பருவம் ஒருவாறு கழிந்தது. இரண்டாம் பருவத்தில் கணினிக் கணக்கியல் வந்தது. 'டேலி' என்னும் கணக்கு மென்பொருளில் பேரேடு எழுதிப் பழகவேண்டும். அது விண்டோஸ் இயங்குதளத்துக்கென ஆக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு கைக்கணினியில் அதனை நிறுவ வழியில்லை. அட்டவணைக் கணக்குகளைக் கைக்கணினியில் திறக்கலாம், பார்க்கலாம். ஆனால் இருநூறு வரிகளுள்ள அட்டவணையில் விரலால் தொட்டுத் தொட்டு எண்களை நிரப்பிப் பாருங்கள், அப்போது தெரியும். ஒப்படைப்புக் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து தரவேண்டும் என்றனர் ஆசிரியர். பெண் என்ன செய்வாள்? கல்லூரி விட்டபின் விருத்தாசலத்தில் கணினி மையம் ஒன்றில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து அமர்ந்தாள். ஒரு நாள் அங்கே கூட்டம், முறை வரக் காலம் தாழ்ந்தது, பேருந்தைத் தவறவிட்டாள். இரவு ஒன்பதரை மணிவரை தாய் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறார். அதன்பின் மையத்துக்குப் போகவேண்டாம் என்று வீட்டில் முடிவாயிற்று. அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை.

இவற்றுள் ஒன்றையும் அவர்கள் நம்மிடம் வந்து சொல்லவில்லை. வீடு மந்திரிக்கச் சென்றபோது, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றி அந்தக் கைக்கணினி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு நாமே கேட்டோம். "அது தம்பிதான் பாக்குறான் சாமி" என்றாள் பெண். தாய், "நல்லாத்தான் இருக்கு சாமி, ஒண்ணும் குறையில்ல" என்று அவசரமாகக் குறுக்கிட்டார். குருவானவரின் மனம் நோகக்கூடாதே என்ற அந்த அவசரம்தான் நம்மை மிகவும் வருத்திற்று.

கோபுரம் கட்ட விழைபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையைப் பலமுறை பீடத்திலிருந்து விளக்கியிருக்கிறோம். கணக்கிடவேண்டியது விலையை மட்டுமா? என்ன கட்டப்போகிறோம் என்பதை முதலில் அறியவேண்டாமா? ஆகவே இப்போதெல்லாம் எவரேனும் வந்து கேட்டால், நாம் விலையைப் பேசுவதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்கிறோம். பிள்ளை அதில் என்ன எழுதப்போகிறான்? எந்த மென்பொருள் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டீர்களா? வீட்டில் இன்னும் யார் அதனைத் தொடுவர்? அரசு மடிக்கணினி அவனுக்குக் கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால், நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகாமல் திரும்ப மாட்டிக்கொள்ளும்படி சொல்லிவிடுகிறோம்.

கைக்கணினியைத் தாழ்த்திப் பேசுவது நம் நோக்கமன்று. பள்ளிப் பிள்ளை காணொலிப் பாடம் கேட்கவும், பாடநூலைத் திறந்து படிக்கவும் அது போதும். கண்பார்வை மங்கிய முதியோருக்கு அதைவிட நல்ல துணை அரிது. எழுத்தை இரு விரலால் பெரிதாக்கி விவிலியம் வாசிக்கலாம். வேளாங்கண்ணித் திருத்தலத் திருப்பலியைப் படுக்கையில் இருந்தபடியே காணலாம். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மகனின் முகத்தைப் பெரிதாய்ப் பார்த்துப் பேசலாம். எடை அரைக் கிலோவே. மடிக்கணினியோ பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவதில்லை. மின்கலம் எட்டு, பத்து மணி நேரம் உழைக்கும். சிம் அட்டை செருகும் வகையை வாங்கினால் தனியே இணைய இணைப்பும் வேண்டாம். பயன்படுத்தக் கற்பதும் எளிது. கைப்பேசி தெரிந்தவர்க்கு அது பெரிய கைப்பேசி, அவ்வளவே.

குறைகளையும் சொல்லவேண்டும். திரை உடைந்தால் அதனை மாற்ற, கருவியின் விலையில் பாதி போல் கேட்பார்கள். உறுப்புகளைப் பசையிட்டு ஒட்டி மூடியிருப்பதால் ஊரிலுள்ள பழுது பார்ப்பவர் கைவைக்க அஞ்சுவார். மடிக்கணினியில் மின்கலத்தையும் விசைப்பலகையையும் பெரும்பாலும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: தனி விசைப்பலகை வாங்கி இணைத்துக்கொண்டால் கைக்கணினி மடிக்கணினி ஆகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். தட்டச்சு எளிதாகும் என்பது மெய். ஆயின் உள்ளே இயங்குவது கைப்பேசியின் இயங்குதளமே. விசைப்பலகையைச் சேர்த்தாலும் டேலி அதில் ஏறாது. கைக்கணினிக்கும் விசைப்பலகைக்கும் உறைக்குமாகச் சேர்த்துக் கொடுக்கும் தொகையைக் கூட்டிப் பார்த்தால், பழைய மடிக்கணினி ஒன்றின் விலைக்கு அருகில் வந்துவிடும்.

தமிழில் எழுதுவதைப் பற்றி இங்கே ஒரு சொல். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. அவர் காலத்துக்கு முன் ஏட்டில் 'எ' என்பதையும் 'ஏ' என்பதையும் வேறுபடுத்த மேலே புள்ளியிடுவது ஒன்றே வழி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் அதனை விட்டுவிடுவர். படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டும். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அத்தொல்லையைத் தீர்த்தார். எழுதும் கருவிக்கு ஏற்ப எழுத்தைச் சீர்செய்த பெரியார் அவர். அதே போல் 1999ஆம் ஆண்டில், சென்னையில் நடந்த இணைய மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' என்ற விசைப்பலகை வகுக்கப்பட்டு அரசின் ஏற்பையும் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். பத்து விரலாலும் பழகிய பிள்ளை தாளைப் பார்த்தபடியே தமிழில் அடித்துக்கொண்டு போவான். கண்ணாடித் திரையில் இரு பெருவிரலால் தட்டுபவனுக்கு அது கைகூடாது. தமிழில் எழுதிப் பழகவேண்டிய பிள்ளைக்கு, அழுத்தினால் அழுந்தும் விசை வேண்டும் என்பதே நம் கருத்து. இதில் நமக்குச் சற்றே பிடிவாதமும் உண்டு.

இனி மடிக்கணினியில் ஏமாறாதிருக்கும் வழி. மலிவு என்ற பெயரில் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு உள்ளவற்றைக் காட்டுவார்கள். விண்டோஸ் 11 இயங்குவதற்கு அதன் நிறுவனமே வகுத்த கீழெல்லை அதுதான். கீழெல்லை என்பது வாசற்படி. உள்ளே கைகால் நீட்டிப் படுக்க இடம் இராது. ஓராண்டுக்குள் கணினி திணறத் தொடங்கும்; பிள்ளை கோபித்துக்கொண்டு கைப்பேசிக்கே திரும்பிவிடுவான். அரசு தன் கல்லூரி மாணவருக்கெனக் கேட்டது 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பு, செயலி இன்டெல் ஐ3 அல்லது அதற்கு இணையான ரைசன் 3. நாமும் அதையே அளவுகோலாகக் கொள்வது நன்று. இந்த அளவுக்குப் பணம் இல்லையெனில், புதிய மட்டமான கணினியை விடப் பழைய நல்ல கணினி மேல். அலுவலகங்கள் கழித்துவிட்டவற்றைச் சீர்செய்து விற்கிறார்கள். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. விண்டோஸ் 10க்கு அளித்துவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக முடித்துக்கொண்டார்கள். விண்டோஸ் 11க்கு மாற இயலாத பழைய கணினிகள் அதனால் சந்தையில் மலிந்தன. இன்டெல் செயலி எனில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்று கேட்டறிந்து, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தியதே கிடைத்ததெனில் லினக்சு இயங்குதளம் இட்டு எழுதவும் படிக்கவும் பயன்படுத்தலாம். அரசின் பழைய மடிக்கணினிகளில் விண்டோசுடன் வந்த 'பாஸ்' என்பதும் அவ்வகையே. ஆனால் குறிப்பிட்ட மென்பொருள் வேண்டுவோர்க்கு அது உதவாது.

பெற்றோர் அடுத்து அஞ்சுவது வேறொன்றை. பிள்ளை அதில் எதைப் பார்ப்பான்? இவ்வச்சம் நியாயமானதே. கைக்கணினி போர்வைக்குள் போகும், மாடிப்படிக்கு அடியில் போகும், கழிப்பறைக்கும் போகும். மடிக்கணினி பெரும்பாலும் மேசை மீது, மின்செருகிக்கு அருகில், வீட்டார் நடமாடும் இடத்தில் இருக்கும். காவல் என்ற முறையில் மேசை மீதிருப்பதே எளிது. சிறுவர்க்குக் கைக்கணினி கொடுத்தால், பெற்றோரின் கைப்பேசியிலிருந்தே நேரத்தையும் செயலிகளையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் அதிலே உண்டு. முதல் நாளே அமைத்துவிட வேண்டும், பழகியபின் பிடுங்க முடியாது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுத்திஸ், 2006இல் தம் பதினைந்தாம் வயதில் இறந்த இத்தாலியச் சிறுவர், கணினியில் தேர்ந்தவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து ஓர் இணையதளம் அமைத்தவர். அவர் விசைப்பலகைமுன் அமர்ந்து ஏதோ ஒன்றை ஆக்கினார் என்பதை நம் இளையோர் மன்றக் கூட்டத்தில் சொன்னபோது, ஒரு சிறுவன், "அவர் டேப்ல கேம் ஆடலியா சாமி?" என்று கேட்டான். கணினி விளையாட்டுகள் அவருக்கும் பிடிக்கும் என்பதை மறைக்காமல் சொன்னோம். டேப் அந்நாளில் வீடுகளுக்கு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டியதாயிற்று.

அந்தத் தாயின் வீட்டுக்கு வருவோம். வின்சென்ட் தே பவுல் சபையார் ஒரு பங்கைக் கொடுத்தனர். தவறு நம்முடையதாகையால் நாமும் ஒரு பங்கை ஏற்றோம். மிகுதியைத் தவணையாகக் கட்டுவதாகத் தாய் பிடிவாதமாய்ச் சொன்னார். முற்றிலும் இலவசமாகப் பெற அவர் இசையவில்லை. எட்டாம் தலைமுறை மடிக்கணினி ஒன்று, சீர்செய்யப்பட்டது, வந்து சேர்ந்தது. மூடியில் ஒரு மூலை கீறியிருக்கிறது, மற்றபடி நன்றாயிருக்கிறது. பெண் விடுபட்ட பாடத்தை மறுமுறை எழுதித் தேறிவிட்டாள். சபையாரின் ஆண்டு வரவு செலவுக் கணக்கை இம்முறை அவளே அட்டவணையிட்டுக் கொடுத்தாள். கூட்டலில் நாம் செய்திருந்த பிழை ஒன்றையும் மெல்லச் சுட்டிக்காட்டினாள். கைக்கணினி இப்போது பாட்டியிடம் இருக்கிறது. காலைத் திருப்பலியை அதில் காண்கிறார். முடிந்தபின் பேரன் வாங்கிக்கொண்டு ஓடுகிறான். தோடு மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான். முந்திரிப் பருவம் முடிந்ததும் மீட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.